எர்த் குழிக்கு ஒரு குடம்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் என் கணவர் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று விசாரிப்பார். நான் நேராக மெயின் பெட்டிக்குப் போய்விடுவேன். அதில் ட்ரிப் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அதிலுள்ள சின்ன டெஸ்ட் பொத்தானை அமுக்குவேன். வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். வீட்டுக்காரருடைய முகமும் மாறிவிடும். "அவளுக்கு அப்படி ஒரு பழக்கம், தப்பா நினைக்காதீங்க" என்று என் கணவர் சமாளிப்பார்.

அமுக்கியும் கரண்ட் போகாத வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்கு நாங்கள் குடிபோனதில்லை. கோவில்பட்டியில் மட்டும் இப்படி இரண்டு நல்ல வீடுகளைக் கைவிட்டிருக்கிறோம். அதில் ஒன்றுக்கு மொட்டைமாடி முழுக்க வேப்பமர நிழல். அந்த நிழலைப் பற்றி அவர் இன்றைக்கும் பேசுவார். நான் பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கிடாயில் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் ஊர் புதூருக்கு அந்தப் பக்கம், பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊர். எங்கள் குடும்பத்துக்கு ஆடுதான் பிழைப்பு. மழை ஏமாற்றாத வருஷங்களில் உளுந்தும் கம்பும் போடுவோம். எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டினார். அந்த வீட்டோடு ஒரு சின்ன ஃபிரிட்ஜும் ஒரு பெரிய கிரைண்டரும் வந்தன. கிரைண்டர் புதியதல்ல. கயத்தாறில் ஓட்டல் நடத்தியவர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு அப்பா போய் வாங்கி வந்தது. அம்மா அதில் தினமும் காலையில் மாவாட்டி ஊருக்குள் வீடு வீடாகக் கொடுத்தாள். அது ஓட ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும். அந்த நாட்களில் எங்கள் பக்கம் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் மாவு முடிந்தாக வேண்டும் என்பதால் ஏழரை மணியிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியாது. பேசினாலும் கேட்காது.

வீட்டுக்கு வயரிங் செய்தவர் கழுகுமலைக்காரர். சிடுசிடுப்பான மனிதர், ஆனால் வேலையில் சுத்தம். கடைசி நாள் பின்புறத்தில் என் உயரத்துக்கு மேல் ஒரு குழி வெட்டி, அதில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். உப்பைப் பார்த்ததும் நான், "ஊறுகாயா போடுதீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழியை மூடிவிட்டு, முழ உயரத்துக்கு வெளியே நின்ற குழாயைத் தட்டிக்காட்டி அம்மாவிடம் சொன்னார்.

"தங்கச்சி, மெஷின்ல எங்கயாவது கரண்டு கசிஞ்சா இந்தக் குழாய் வழியா மண்ணுக்குள்ள இறங்கிரணும். ஆனா நம்ம கரிசலை நம்ப முடியாது. மழையில இறுக்கிப் பிடிக்கும், கோடையில வெடிச்சு விலகிரும். மாசி பொறந்ததும் தினம் ஒரு குடம் தண்ணி இதுல ஊத்துங்க."

அப்பாவிடம், மெயின் பெட்டியில் ஒரு ட்ரிப் ஸ்விட்சும் போட்டுவிடலாம், கரண்ட் கசிந்தால் அதுவே வீட்டை அணைத்துவிடும் என்றார். "கொடை முடியட்டும் அண்ணாச்சி" என்றார் அப்பா. சித்திரையில் எங்கள் குலசாமிக்குக் கொடைத் திருவிழா. வீட்டில் அந்த வருஷம் எதைக் கேட்டாலும் கொடை முடியட்டும் என்பதுதான் பதில். எனக்குப் புதுச் செருப்பும் கொடை முடிந்துதான். வயர்மேனும் சரியென்று போய்விட்டார்.

எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், கோடையில் அது பத்து நாளாகும். அரிசி கழுவிய தண்ணீர் ஆட்டுக்கு, குளித்த தண்ணீர் முருங்கைக்கு என்று சொட்டுச் சொட்டாகப் பங்கு வைக்கிற வீடு அது. அந்த வீட்டில், செடியும் கொடியும் முளைக்காத ஒரு இரும்புக் குழாய்க்குத் தினம் ஒரு குடம். அம்மாவுக்கும் மனசு பொறுக்கவில்லைதான். ஆனாலும் சொன்ன சொல்லைத் தட்டாமல் சாயங்காலம் ஆனதும் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை நிரப்பி வாசற்படியில் வைத்துவிட்டு, "ஊத்திட்டு வாட்டி" என்பாள். நான் கொண்டுபோய் ஊற்றுவேன். குழாயைச் சுற்றி விழுந்திருந்த வெடிப்புகளுக்குள் தண்ணீர் கடகடவென்று இறங்கும். ஒரு நிமிஷத்தில் அந்த இடம் மறுபடி காய்ந்ததுபோல் இருக்கும்.

இனிக் கிடாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து, வலிப்பு கண்டு, பிழைக்க மாட்டேன் என்று ஆகிவிட்டதாம். அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, எங்கள் கோயிலில் சாமியாடி. அவர் என் நெற்றியில் திருநீறு பூசி, "பிள்ளையைக் குடு, கிடா தாரோம்" என்று குலசாமியிடம் நேர்ந்துகொண்டார். நான் பிழைத்துவிட்டேன். அதற்குப் பிறகு மழை இல்லாத வருஷம், ஆட்டுக்கு நோய் வந்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போய், ஆறு வருஷம் கழித்துத்தான் கிடா தயாரானது. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு, நல்ல பால்கன்னி இனக் கிடா. தாய் ஆடு செத்துப்போனதால் அம்மா அதைப் புட்டிப் பால் கொடுத்து வளர்த்தாள். "இது உன் உயிருக்கு ஈடுட்டி" என்று அப்பா அடிக்கடி சொல்வார். எனக்கு அதில் பெருமை. என் உயிர் இவ்வளவு உயரம், இவ்வளவு கொம்பு என்று அளந்து பார்த்துக்கொள்வேன்.

மற்ற ஆடுகள் காட்டில் கிடையில் இருக்கும். சாமிக் கிடாய் மட்டும் வீட்டில். அதைப் பின்புறத்தில் கட்டுவதற்கு அப்பா முளைக்குச்சி அடித்துப் பார்த்தார். பங்குனி வெயிலில் கரிசல் மண் பாளம் பாளமாகப் பிளந்துகிடந்தது. எங்கே அடித்தாலும் முளை இரண்டு நாளில் ஆடிப்போகும், கிடாய் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கயிற்றில் கட்டினால் மென்று அறுத்துவிடும். அந்த வளவில் அசையாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். அப்பா ஓர் இரும்புச் சங்கிலியை எடுத்துவந்து கிடாயை எர்த் குழாயில் கட்டினார். நல்ல யோசனை என்று பெரியப்பாவும் சொன்னார். எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அன்று முதல் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் கிடாய் தண்ணீரைப் பார்த்துக் கத்தும். அதற்கென்று வைக்கிற கழுநீர் அதற்குப் போதவில்லை. குழிக்கு ஊற்றினால் ஒரு நொடியில் காணாமல் போகிற தண்ணீர், கிடாய்க்குக் கொடுத்தால் சத்தம் போட்டுக் குடிக்கிறது, குடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்க்கிறது. முதல் நாள் பாதிக் குடம் கொடுத்தேன். பிறகு முழுக் குடமும் கொடுத்தேன். அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கிடாய் எப்படியும் அங்கேதான் மூத்திரம் பெய்யும், ஆக குழிக்குப் போக வேண்டிய தண்ணீர் குழிக்குத்தானே போகிறது என்று. அம்மா கேட்டால், "ஊத்திட்டேன்" என்பேன். எங்கே ஊற்றினேன் என்று அவள் கேட்டதில்லை.

கொடை நெருங்க நெருங்கக் கிடாய் சிலுப்ப ஆரம்பித்தது.

எங்கள் கோயிலில் கிடாய்க்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறிச் சிலுப்பினால்தான் சாமி சம்மதம் கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாமல் வெட்ட முடியாது. சில கிடாய்கள் கல்லுமாதிரி நின்று மத்தியானம் வரை ஆட்களைக் காக்க வைக்கும். சாமிக்கு என்ன குறை வைத்தோமோ என்று குடும்பமே வேர்த்துப்போய் நிற்கும். எங்கள் கிடாயோ தண்ணீரே தெளிக்காமல், வீட்டுப் பின்புறத்தில் நின்று, காலை நேரத்தில் தானாகச் சிலுப்பியது. காதை ஆட்டி, தோலை நடுக்கி, கால் மாற்றிக் கால் மாற்றி வைத்தது. முதலில் பார்த்தவர் அப்பா. ஓடிப்போய்ப் பெரியப்பாவை அழைத்துவந்தார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "கொடைக்கு முன்னாடியே உத்தரவு குடுக்கான்லே. இந்தக் கிடாயை இனி யாரும் தொடாதிய" என்றார்.

மறுநாள் தெருவே வந்து பார்த்தது. எல்லோரும் தள்ளி நின்று கும்பிட்டார்கள். கிடாயும் ஏமாற்றாமல் சிலுப்பியது. ஆறு வருஷமாக நேர்ச்சையைக் கொடுக்காமல் இழுத்தடித்த குடும்பம் என்று எங்களைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அது அந்த வாரத்தோடு அடங்கியது. அப்பா தலையை நிமிர்த்தி நடந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அதே நாட்களில்தான் அம்மா அடுப்படிக்குள் ரப்பர் செருப்புப் போட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் செருப்பு நடையைத் தாண்டி வராது, அதுவும் சாமிக்கு நாள் குறித்திருக்கும்போது. அப்பா சத்தம் போட்டார். "கிரைண்டர் லேசா சுருக்குங்குது. அது ஓடையில ஃபிரிட்ஜைத் தொட்டாலும் சுருக்குங்குது. வயர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டுங்களேன்" என்றாள் அம்மா. "ஈரக்கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும். கொடை முடியட்டும்" என்றார் அப்பா. அம்மா செருப்பைக் கழற்றவில்லை. யாராவது கேட்டால் குதிகால் வெடிப்பு என்று சொல்லிவிட்டாள். காப்புக் கட்டுகிற நாள் வரை மற்ற விஷயங்களில் அவள் யார் பேச்சையும் மீறவில்லை.

காப்புக் கட்டுகிற நாள் வந்தது. காலையில் அப்பாவும் பெரியப்பாவும் கிடாயை நின்ற இடத்திலேயே வைத்து இரண்டு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, மாலை போட்டுப் பொட்டு வைத்தார்கள். அம்மாவும் கூட நின்றதால் மாவாட்ட நேரமாகிவிட்டது. ஆண்கள் கோயிலுக்குப் புறப்பட்ட பிறகுதான் அவசர அவசரமாகக் கிரைண்டரைப் போட்டாள். நான் பின்வாசலில் நின்று கிடாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மயிரிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலடியில் மண் சேறாகியிருந்தது.

கிரைண்டர் சத்தம் எழுந்த உடனே கிடாய் சிலுப்பியது. வழக்கமான சிலுப்பல் இல்லை. நாலு காலும் விறைத்து, கழுத்து பின்னால் வளைந்து, உடம்பு முழுக்க நடுங்கியது. கத்த வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.  அது என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். சாமி முழுசாக இறங்கிவிட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, இருந்த இடத்திலேயே நின்று கும்பிட்டேன். படிப்பு நன்றாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேனோ. சட்டென்று கிரைண்டர் சத்தம் நின்றது. ஒன்பது மணிக் கரண்ட் கட். அந்த அமைதியில் கண்ணைத் திறந்தேன். கிடாய் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. சங்கிலி கழுத்தை இழுத்துப் பிடித்திருந்தது. ஓடிப்போய் சேற்றில் மண்டி போட்டு, கழுத்தில் இருந்த கொக்கியைக் கழற்றினேன். தலையைத் தூக்கினேன். கழுத்து இன்னும் சூடாக இருந்தது, கண் திறந்திருந்தது. உலுக்கிப் பார்த்தேன். சாமிக் கிடாயை யாரும் தொடக்கூடாது என்று பெரியப்பா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலையைக் கீழே விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினேன். அம்மா பின்பக்கம் வந்து அலறியபோது, அப்போதுதான் தெருவிலிருந்து வருகிறவளைப்போல உள்ளே போனேன்.

பெரியப்பா வந்தார். கிடாயின் உடம்பில் காயம் இல்லை, பாம்பு கடித்த தடம் இல்லை. சங்கிலி மட்டும் தனியாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சாமி வந்து உடம்பு ஆடிவிட்டது.

"கட்டை அவனே அவுத்து எடுத்துக்கிட்டாம்லே! வெட்டுற வரைக்கும் பொறுக்கல அவனுக்கு!"

அப்பா அந்தச் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார். கிடாய்க்குப் புதுத்துணி போர்த்தி, குங்குமம் வைத்து, எங்கள் புஞ்சையில் புதைத்தார்கள். கழன்று கிடந்த சங்கிலிக்கும் யாரோ பொட்டு வைத்தார்கள். ஈடு தீர்ந்தது, சாமி தன் கையாலேயே வாங்கிக்கொண்டது என்று ஊரே சொன்னது.

என் ஒருத்திக்குத்தான் தெரியும், சங்கிலியைச் சாமி அவிழ்க்கவில்லை என்று. அப்படியென்றால் சாமி கிடாயை வாங்கிக்கொள்ளவும் இல்லை. நான் தொட்டுக் கெடுத்துவிட்டேன், அது சும்மா செத்துப்போய்விட்டது, ஈடு அப்படியே நிற்கிறது. சாமி இனி என்னைத் தேடித்தான் வரும். இந்தக் கணக்கை எப்படிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு வேறு விடை வரவில்லை. காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியையும் கழுத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒருவரிடமும் சொல்ல முடியாத பயம் அது. அதன் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ பயம் வந்துபோயிருக்கிறது. அந்த இரண்டு நாள் பயத்துக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை.

அம்மாவும் அந்த இரண்டு நாள் சரியாக இல்லை. மத்தியானம் கரண்ட் திரும்பி வந்தபோது அவள் கிரைண்டரைப் போடவில்லை. உலர்ந்த துணியால் பிடித்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பாதி அரைத்த மாவை அள்ளிக்கொண்டுபோய் ஆட்டுரலில் போட்டு ஆட்டினாள். மறுநாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"ஏட்டி, கிடாய் தினமும் சிலுப்புனதை நீ பாத்தியே, எந்நேரம் சிலுப்பும்?"

"நீ மாவாட்டையிலதான். நீ நிப்பாட்டுனா அதுவும் நிப்பாட்டிரும்."

கிடாயின் மகிமையைச் சொல்வதாகத்தான் நான் சொன்னேன்.  அம்மா எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு, அப்பாவிடம்கூடச் சொல்லாமல், இரண்டு பஸ் மாறிக் கழுகுமலைக்குப் போனாள்.

வயர்மேன் மறுநாள் காலையில் வந்தார். ஊரே சாமி காரியம் என்று சொல்லிக்கொண்டிருக்கையில் வீட்டுக்குள் வயர்மேனை வரவழைத்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பெரியப்பாவும் வந்து ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வயர்மேன் அம்மாவைக் கிரைண்டர் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவரே ப்ளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். பின்புறம் வந்து, எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லி, டெஸ்டரின் நுனியை எர்த் குழாயில் வைத்து, வெயில் படாமல் கையால் மறைத்துக் காட்டினார். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. அடுப்படியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் அதை நிறுத்திவிட்டு வந்து மறுபடி வைத்தார். எரியவில்லை.

பெரியப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அப்பா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரைண்டர் மோட்டாரு இத்துப்போயி பாடியில கரண்டு வந்திருக்கு. அங்க இருந்து வயர் வழியா இந்தக் குழாய்க்கு வந்துட்டு. மண்ணுக்குள்ள இறங்க ஈரமில்ல, குழாயிலயே நின்னுக்கிச்சு. அதுல போயி இரும்புச் சங்கிலியைப் போட்டுக் கட்டியிருக்கிய. வெறும் மண்ணுல நிக்கையில நடுங்கிக்கிட்டு நின்ன கிடாய், குளிப்பாட்டி நனைச்சு விட்டதும் செத்துப்போச்சு" என்றார் வயர்மேன். பிறகு அம்மாவின் காலிலிருந்த ரப்பர் செருப்பைப் பார்த்து, "உங்களை அந்தச் செருப்புத்தான் காப்பாத்தியிருக்கு தங்கச்சி" என்றார்.

 வயர்மேன் குந்தி உட்கார்ந்து, குழாயைச் சுற்றியிருந்த வெடிப்புக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி முழுக்க உள்ளே போனது.

"தண்ணி ஊத்தச் சொன்னேன்லா? தினம் ஒரு குடம் ஊத்தி ஈரம் நின்னிருந்தா, கரண்டு மொத்தமா இறங்கி அன்னைக்கே பீஸ் போயிருக்கும். என்னைக் கூப்பிட்டிருப்பிய."

"தினமும் ஊத்துதோமே. பிள்ளைதான் ஊத்துதா" என்றாள் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு நாளாக அடக்கிவைத்த அழுகையோடு சேர்ந்து உண்மையும் வெளியே வந்துவிட்டது. "நான் குழிக்கு ஊத்தல. கிடாய்க்குக் குடுத்துட்டேன்" என்றேன்.

அப்பா கையை ஓங்கினார். "அந்தப் பிள்ளையை அடிக்காதிய. ஒன்பது வயசுப் பிள்ளை தண்ணி ஊத்தும்னு நம்பி ட்ரிப் போடாம விட்டுட்டுப் போனது நான். எனக்குத்தான் அந்த அடி விழணும்" என்று வயர்மேன் எழுந்து குறுக்கே வந்தார். பிறகு ஏதோ யோசித்தவராகக் கீழே கிடந்த சங்கிலியைக் காலால் தள்ளினார். "ஆனா ஒண்ணு. நீங்க வந்து பாக்கையிலயே சங்கிலி கழண்டு கிடந்துச்சுன்னு தங்கச்சி சொல்லுச்சு. சங்கிலி கழுத்துல இருந்தாத்தான் கிடாய்க்கு ஷாக் அடிக்கும். கழட்டுனதுக்கப்புறம் அடிக்காது. அப்ப இதைக் கழட்டுனது யாரு?"

 அப்பா மெதுவாக, "தானாக் கழண்டு கிடந்துச்சு" என்றார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. ஈடு நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகட்டும். "நான்தான் கழட்டுனேன். சாமி கழட்டல" என்றேன்.

இந்த முறை அப்பா கையை ஓங்கவில்லை. அம்மா மட்டும் என் முன்னால் வந்து, என் இரண்டு தோளையும் பிடித்தாள். அவள் விரல் என் எலும்பில் அழுந்தியது. அவள் குரலை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"நீ கழட்டையில கிரைண்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சாட்டி?"

"இல்லம்மா. சத்தம் நின்னுபோச்சு. கரண்டு போனதுக்கப்புறந்தான் கிட்டப் போனேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்."

வயர்மேன் டெஸ்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பெரியப்பா துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா திரும்பி, வேலி வரைக்கும் நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரும் என்னை அடிக்கவில்லை. ஈடு நிற்கிறதா, தீர்ந்ததா என்றும் யாரும் பேசவில்லை. அம்மா அந்த வெடித்த மண்ணிலேயே உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. என் உள்ளங்கைகளை விரித்து விரித்துப் பார்த்தாள், அவற்றை முகத்தில் வைத்துக்கொண்டாள், மறுபடி அழுதாள்.

புட்டிப் பால் கொடுத்து வளர்த்த கிடாய், அழத்தான் செய்வாள் என்று நினைத்தேன். எனக்கும் பாவமாக இருந்தது. "அழாதம்மா" என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "அடுத்த கொடைக்கு வேற கிடாய் விட்டுக்கிடலாம்மா" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடிக்கொண்டே போனது. இவ்வளவு சொல்லியும் கேட்காதவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.